மூளை ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழிக்கத் தாமதமா? மயக்க மருந்து முதல் தூக்க மாத்திரை வரை குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை!

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இனிமே அவர் கண்ணு முழிக்கணும்." மூளை அறுவை சிகிச்சை முடிந்து தியேட்டரிலிருந்து வெளியே வரும் மருத்துவர் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். முதல் வாக்கியத்தில் நிம்மதியடையும் குடும்பம், இரண்டாவது வாக்கியத்தில் கலங்கிப்போய்விடும். 'நல்லபடியா முடிஞ்சதுன்னா ஏன் இன்னும் முழிக்கலை? எதையோ மறைக்கிறாங்களோ?' என்ற கேள்வி ஐ.சி.யூ வாசலில் சுற்றிச் சுற்றி வரும்.

குடலிறக்கத்துக்கோ, பித்தப்பைக்கோ ஆபரேஷன் செய்தால், கண் விழிப்பது தானாக நடக்கும் விஷயம். மூளைக்கு ஆபரேஷன் செய்தால், கண் விழிப்பதுதான் முதல் பரீட்சை. அந்தப் பரீட்சையின் முடிவைக் குழப்பக்கூடியவை மயக்க மருந்துகளும் தூக்க மருந்துகளும். அதனால்தான் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று மயக்கவியல் மருத்துவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு சரியாக வருவதற்கு, நோயாளியின் வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் தகவல்களும் தேவை.

மயக்கமும் தூக்கமும் ஒன்றா?

"ஊசி போட்டுத் தூங்க வெச்சிடுவோம்" என்று மருத்துவர்கள் சொல்வது நோயாளியின் பயத்தைப் போக்குவதற்காக. முழு மயக்கம் உண்மையில் தூக்கம் கிடையாது. தூங்குகிறவரைத் தட்டினால் எழுந்துவிடுவார். முழு மயக்கத்தில் இருப்பவர் கத்தி பட்டாலும் அசைய மாட்டார். அமெரிக்காவின் எமரி பிரவுன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-ல் எழுதிய கட்டுரையில், முழு மயக்கத்தை 'மருந்தால் உண்டாக்கி, மருந்தை நிறுத்தினால் மீளக்கூடிய கோமா' என்றே விளக்கினார்கள்.

1846 அக்டோபர் 16-ம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார். அன்று ஒரே மருந்துதான் எல்லா வேலையையும் செய்தது. இன்று வேலைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நினைவை இழக்கச் செய்ய ஒன்று, வலியைத் தடுக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று எனப் பல மருந்துகள் சேர்ந்துதான் முழு மயக்கம் உண்டாகிறது. ஆபரேஷன் முடிந்ததும் இவை ஒவ்வொன்றும் தனித்தனியே உடலைவிட்டு விலக வேண்டும். செவோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுக்கள் மூச்சு வழியாக வெளியேறும். நரம்பில் செலுத்திய மருந்துகள் மூளையிலிருந்து விலகி உடலின் மற்ற பாகங்களுக்குப் பரவி, கல்லீரலிலும் மற்ற இடங்களிலும் சிதைந்து வெளியேறும்.

விழிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் சுயமாக மூச்சுவிடுவார். பிறகு விழுங்குவது, இருமுவது, முகம் சுளிப்பது எல்லாம் திரும்பும். அதற்குப் பிறகே கண் திறப்பதும், சொன்னதைச் செய்வதும். "கை, காலை அசைச்சார். ஆனா கூப்பிட்டா பார்க்கலை" என்று பதறத் தேவையில்லை. அது இந்த வரிசையின் நடுவில் ஒரு கட்டமாகவும் இருக்கலாம்.

மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி

வயிற்றில் வீக்கம் வந்தால் வயிறு விரிந்துகொடுக்கும். மண்டை ஓடு விரியாது. மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அந்தக் குறுகிய இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசிந்தாலோ, மூளை வீங்கினாலோ, உள்ளே அழுத்தம் கூடும். ஓர் அளவுக்கு மேல் கூடினால், நல்ல நிலையில் இருக்கும் மூளைப் பகுதியும் நசுங்கத் தொடங்கும். ஆபரேஷனுக்குப் பின்பான முதல் 6 மணி நேரத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பது இதனால்தான்.

உள்ளே ரத்தம் கசிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிமிடத்துக்கு நிமிடம் ஸ்கேன் எடுக்க முடியாது. அதைவிட எளிய, உடனே பதில் தரும் கருவி ஒன்று இருக்கிறது. அது நோயாளியேதான். "உங்க பேரு என்ன? கையை அழுத்திப் பிடிங்க. காலைத் தூக்குங்க" என்று கேட்டால், அவர் தரும் பதிலே மூளையின் நிலையைச் சொல்லிவிடும்.

இதை அளக்க 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். 'கிளாஸ்கோ கோமா ஸ்கேல்' என்று பெயர். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். மிகக் குறைந்தபட்சம் 3. ஐ.சி.யூ-வில் நர்ஸ் சொல்லும் "ஜி.சி.எஸ் பதினஞ்சு" என்பது இதுதான். வாயில் குழாய் இருக்கும்போது பேச முடியாது என்பதால், அந்தப் பகுதியை மட்டும் தனியாகக் குறித்துவைப்பார்கள். காலையில் 15 இருந்தவர் மதியம் 13-க்கு வந்தால், அது உடனே கவனிக்க வேண்டிய சரிவு.

"பாவம், நல்லா தூங்கிட்டு இருக்காரு. மணிக்கொரு தடவை எழுப்பி எழுப்பித் தொந்தரவு பண்றாங்களே" என்று உறவினர்கள் வருத்தப்படுவது வழக்கம். அந்தத் தொந்தரவுதான் அவருக்கான காவல்.

தூக்க ஊசி போட்டால் என்ன ஆகும்?

இப்படிக் காவல் காக்கும் நேரத்தில் தூக்க ஊசி போட்டால் இரண்டு சிக்கல்கள். முதலாவது, பரீட்சை குழம்பிவிடும். நோயாளி மந்தமாக இருப்பது மருந்தாலா, ரத்தக்கசிவாலா என்று பிரித்தறிவது கடினம். வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு வகை மருந்துகள் கண் பாவையையும் ஊசிமுனைபோலச் சுருக்கிவிடும். டார்ச் அடித்துப் பார்த்துக் கண் பாவையின் அளவை ஒப்பிடும் பரிசோதனையும் அப்போது நம்பகத்தன்மையை இழக்கும்.

இரண்டாவது, மூச்சு. தூக்க மருந்தும் வலி மருந்தும் அதிகமானால் மூச்சு மெதுவாகும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேரும். அது கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவடையும். ஏற்கெனவே இடமில்லாத பெட்டிக்குள் ரத்தத்தின் அளவு கூடி, அழுத்தம் ஏறும். வேறு ஆபரேஷன் செய்தவருக்குச் சின்ன விஷயமாக இருக்கும் மந்தமான மூச்சு, மூளை ஆபரேஷன் செய்தவருக்குப் பெரிய ஆபத்தாக மாறுவது இப்படித்தான்.

அதற்காக வலியோடும் பதற்றத்தோடும் விட்டுவிடவும் முடியாது. வலியில் துடித்தால், குழாயை எதிர்த்து இருமினால், நடுங்கினால் ரத்த அழுத்தம் எகிறும். அதுவே புதிதாகத் தைத்த இடத்தில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். எனவே வலி தெரியாமலும் இருக்க வேண்டும். கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவுக்குத் தெளிவாகவும் இருக்க வேண்டும். தலைத்தோலின் நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி, பாராசிட்டமால் போன்றவற்றை முதலில் பயன்படுத்தி, ஓபியாய்டு மருந்தின் அளவைக் குறைப்பது இதற்கு ஒரு வழி. வாந்திக்குக்கூடத் தூக்கம் வரவழைக்கும் ப்ரோமெத்தசின் போன்றவற்றைத் தவிர்த்து, ஆன்டான்செட்ரான் போன்றவற்றைத் தருவதும் அதனால்தான்.

மருந்துக்கு மருந்து வித்தியாசம்

மருத்துவமனைக் குறிப்பில் அடிக்கடி கண்ணில் படும் சில பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால், மருத்துவர் சொல்வது எளிதாகப் புரியும்.

*மிடசோலம்:* பயத்தைப் போக்கி, தூக்கத்தையும் மறதியையும் தரும் மருந்து. ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையச் சுமார் 2 முதல் 3 மணி நேரம் ஆகும். முதியவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இன்னும் நீளும். பல மணி நேரம் தொடர்ந்து செலுத்தினால் உடலில் சேர்ந்துகொள்ளும். குறுகிய நேரத்தில் தெளிய வேண்டிய மூளை ஆபரேஷனில், ஆபரேஷனுக்கு முன் இதைக் குறைத்துக் கொடுப்பதும் தவிர்ப்பதும் உண்டு.

*ப்ரோபோஃபால்:* பால்போல வெள்ளையாக இருக்கும் மருந்து. சோயா எண்ணெயில் கரைத்துத் தயாரிப்பதால் அந்த நிறம். சில விநாடிகளில் மயக்கும்; குறுகிய நேரமே கொடுத்திருந்தால், நிறுத்திய சில நிமிடங்களில் தெளிவைத் தரும். இதைக் கண்டறிந்த ஜான் கிளென் ஒரு கால்நடை மருத்துவர் என்பது சுவாரஸ்யம். அதற்காக 2018-ல் அவருக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. நாள்கணக்கில் செலுத்தினால் கொழுப்பில் சேர்ந்து, தெளிவதற்கு நேரம் பிடிக்கும்.

*ஃபென்டனில், ரெமிஃபென்டனில்:* இரண்டும் வலி மருந்துகள். ரெமிஃபென்டனிலை ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் நொதிகளே சிதைத்துவிடும். எத்தனை மணி நேரம் கொடுத்திருந்தாலும், நிறுத்தினால் சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும். ஃபென்டனில் அப்படியல்ல; நீண்ட நேரம் கொடுத்தால் தேங்கும்.

*டெக்ஸ்மெடிடோமிடின்:* அமெரிக்காவில் ஐ.சி.யூ பயன்பாட்டுக்கு 1999-ல் அனுமதி பெற்ற மருந்து. இயற்கையான தூக்கத்துக்கு ஓரளவு நெருக்கமான தூக்கத்தைத் தரும். மூச்சை அதிகம் பாதிக்காது. கூப்பிட்டால் கண் திறந்து, பதில் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணயர்வார். நரம்பியல் ஐ.சி.யூ-க்களில் இதற்கு மவுசு கூடியதற்கு அதுதான் காரணம். இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்பதால் கவனம் தேவை.

*தயோபென்டோன்:* பழைய மருந்து. மூளையின் அழுத்தம் வேறு எதற்கும் அடங்காதபோது நோயாளியை ஆழ்ந்த கோமாவில் வைக்கப் பயன்படுத்துவார்கள். தொடர்ந்து கொடுத்தால், நிறுத்திய பிறகும் தெளியப் பல நாள்கள் ஆகலாம்.

போன பலவீனம் திரும்பி வந்ததா?

சில நோயாளிகள் விழித்ததும் குடும்பத்தை உலுக்கும் ஒரு காட்சி நடக்கும். சில வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, பிசியோதெரபி செய்து, நன்றாகத் தேறிய வலது கை திடீரென்று மறுபடியும் தளர்ந்து கிடக்கும். அல்லது, கட்டியால் தடுமாறி, பிறகு சரியாகியிருந்த பேச்சு மறுபடி குழறும். 'ஆபரேஷன்ல ஏதோ தப்பு நடந்துடுச்சு' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இதற்கு மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். மிடசோலம், ஃபென்டனில் போன்ற மருந்துகள் சிறிய அளவிலேயே, தேறிவிட்ட பழைய நரம்பு பலவீனத்தைத் தற்காலிகமாக வெளியே கொண்டுவரும் என்று 1996-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சேதமடைந்த பகுதியின் வேலையை மூளையின் மற்ற பகுதிகள் சிரமப்பட்டு ஏற்றுச் செய்துகொண்டிருக்கும். தூக்க மருந்து வந்ததும் அந்த மாற்று ஏற்பாடு முதலில் தடுமாறுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மருந்து விலகினால் பலவீனமும் விலகும். பின்னர் வந்த ஆய்வுகள், ஒரே அளவு மந்தநிலையை உண்டாக்கினாலும் இந்த விளைவு மருந்துக்கு மருந்து மாறுபடுவதையும், மிடசோலம், ப்ரோபோஃபாலோடு ஒப்பிட்டால் டெக்ஸ்மெடிடோமிடினில் குறைவாக இருப்பதையும் காட்டின.

இதை வைத்து, 'மருந்துதான், சரியாயிடும்' என்று உறவினர்களே முடிவுசெய்துவிடக் கூடாது. உண்மையான ரத்தக்கசிவோ, அடைப்போ இல்லை என்று உறுதி செய்த பிறகே மருத்துவர்களும் அந்த முடிவுக்கு வருவார்கள். குடும்பத்தினர் செய்ய வேண்டியது, பழைய பக்கவாதத்தைப் பற்றி, எந்தக் கை, எந்தக் கால் என்பதுவரை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவைப்பது.

விழிக்கத் தாமதமானால்...

திட்டமிட்டுச் செய்யும் பெரும்பாலான மூளை ஆபரேஷன்களில், நோயாளியைத் தியேட்டரிலேயே எழுப்பி, குழாயை எடுத்துவிடவே மருத்துவர்கள் விரும்புவார்கள். மருந்தை நிறுத்தி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கடந்தும் தெளிவு வரவில்லை என்றால், காரணத்தைத் தேடத் தொடங்குவார்கள்.

முதலில், எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள். ரத்தச் சர்க்கரை குறைந்திருக்கிறதா, உடல் குளிர்ந்திருக்கிறதா, கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கிறதா, சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தசை தளர்த்தும் மருந்து மிச்சம் இருந்தால், நோயாளி உள்ளுக்குள் விழித்திருந்தும் அசைய முடியாமல் கிடக்கலாம். நியோஸ்டிக்மின், சுகமாடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் அதை நீக்கும். ஓபியாய்டு அதிகமாகியிருந்தால் நலாக்சோன், மிடசோலம் அதிகமாகியிருந்தால் ஃப்ளூமசெனில்.

'மாற்று மருந்து இருக்கிறதே, உடனே போட்டு எழுப்பலாமே' என்று தோன்றலாம். நலாக்சோன் வலி நிவாரணத்தையும் சேர்த்தே துடைத்துவிடும். ரத்த அழுத்தம் குபீரென்று ஏறலாம். ஃப்ளூமசெனில், வலிப்பு உள்ளவர்களுக்கும் நீண்ட நாள் தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் வலிப்பைத் தூண்டலாம். அதன் ஆற்றலும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், நோயாளி மீண்டும் மயக்கத்துக்குப் போகலாம்.

அடுத்து சி.டி ஸ்கேன். ரத்தக்கசிவு, வீக்கம், உள்ளே அடைபட்ட காற்று ஆகியவை அதில் பெரும்பாலும் தெரியும். ஸ்கேன் சரியாக இருந்தும் விழிக்கவில்லை என்றால், கை கால் வெட்டாமல் மூளைக்குள் மட்டும் நடக்கும் வலிப்பாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இ.இ.ஜி எடுப்பார்கள். எனவே, "திடீர்னு ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்பது எப்போதும் கெட்ட செய்தி அல்ல. மருந்து மயக்கம் என்று அலட்சியமாக விட்டுவிடாமல் தேடுகிறார்கள் என்பதன் அடையாளம் அது.

வேண்டுமென்றே தூங்க வைக்கும்போது...

மூளை அதிகம் வீங்கியிருந்தாலோ, ஆபரேஷன் மிக நீண்டிருந்தாலோ, மூச்சும் விழுங்குதலும் சம்பந்தப்பட்ட மூளைத்தண்டுக்கு அருகே ஆபரேஷன் நடந்திருந்தாலோ, மருத்துவர்களே நோயாளியைத் தூக்க மருந்திலும் வென்டிலேட்டரிலும் வைத்திருப்பார்கள். மூளையின் ஆக்சிஜன் தேவையைக் குறைத்து, அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதற்காக எடுக்கும் முடிவு இது. குடும்பத்தினர் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "அவர் தானா முழிக்காம இருக்காரா, நீங்க மருந்து கொடுத்துத் தூங்க வெச்சிருக்கீங்களா?" இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எவ்வளவு ஆழத்தில் தூங்குகிறார் என்பதை அளக்கவும் அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் உருவாகி 2002-ல் வெளியான அந்த அளவுகோலில், அமைதியான விழிப்புக்கு 0. மூர்க்கமான கிளர்ச்சிக்கு +4, எதற்கும் அசையாத நிலைக்கு -5.

வென்டிலேட்டரில் இருக்கும் பொதுவான ஐ.சி.யூ நோயாளிகளுக்குத் தினமும் ஒருமுறை தூக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால், வென்டிலேட்டரில் இருக்கும் நாள்கள் குறைவதாக 2000-ம் ஆண்டில் சிகாகோ மருத்துவர்கள் காட்டினார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஐ.சி.யூ வழக்கம் மாறியது. ஆனால், மூளையில் அழுத்தம் அதிகமாக இருப்பவருக்கு அப்படித் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் ஏறிவிடலாம். "பக்கத்து பெட்காரரை எழுப்பிட்டாங்க, எங்க அப்பாவை ஏன் எழுப்பலை?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

விழித்துக்கொண்டே ஆபரேஷன்

பேச்சு, கை அசைவு ஆகியவற்றை இயக்கும் பகுதிக்கு மிக அருகில் கட்டி இருந்தால், ஆபரேஷனின் நடுவிலேயே நோயாளியை எழுப்பி, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். மின்தூண்டலின்போது பேச்சு தடுமாறினால் அந்த இடத்தைத் தொட மாட்டார்கள். மூளைக்கு வலி உணர்வு கிடையாது. தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான், 1949-ல் வேலூர் சி.எம்.சி-யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே நோயாளியை இஷ்டம்போல் கொண்டுபோய்க் கொண்டுவர, குறுகிய நேரம் மட்டும் வேலை செய்யும் மருந்துகள் வந்த பிறகு இந்த முறை இன்னும் எளிதாகியிருக்கிறது.

தலையணைக்கு அடியில் இருக்கும் மாத்திரை

60 வயதைக் கடந்த ஒருவருக்கு மூளையில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்கு முதல் நாள், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்கிறார். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைச் சொல்கிறார்கள். மனைவி மெல்ல, "ராத்திரி தூக்கத்துக்கு ஒண்ணு போடுவார்..." என்று இழுக்க, "அதெல்லாம் எதுக்கும்மா சொல்லிக்கிட்டு" என்று மகன் தடுத்துவிடுகிறார். பெரிய விஷயமில்லை என்ற நினைப்பு, கொஞ்சம் கூச்சமும்கூட.

அந்த ஒரு மாத்திரைதான் கணக்கை மாற்றும். அல்ப்ரசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்றவை மிடசோலத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குளோனசெபாம் உடலில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். முந்தைய இரவு போட்டுக்கொண்டது, ஆபரேஷன் மருந்துகளோடு சேர்ந்து விழிப்பைத் தாமதப்படுத்தலாம். நேர்மாறாக, பல மாதங்கள் எடுத்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், குழப்பம், வலிப்புகூட வரலாம். இரண்டு நிலையிலும், புதிதாக ஆபரேஷன் செய்த மூளையில் ஏதோ கோளாறு என்றே தோன்றும்.

மதுவும் அப்படித்தான். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம் தொடங்கலாம். இரண்டு, மூன்று நாள்களில் தீவிரமான குழப்பம் வரலாம். ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தவர் மூன்றாவது நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் கத்தினால், காரணம் மதுவா, மூளையா என்று மருத்துவர் தேட வேண்டிவரும். முன்பே தெரிந்திருந்தால், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே திட்டமிட்டிருப்பார்.

ஆபரேஷனுக்கு முன் மயக்கவியல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை:

• தூக்க மாத்திரை, மனஅழுத்த மாத்திரை, வலி மாத்திரை... பெயர், அளவு, எத்தனை நாளாக என்பதோடு. பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துச் செல்லுங்கள்.

• வலிப்பு மாத்திரைகள். ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்றவற்றை நீண்ட நாள் எடுப்பவர்களுக்குத் தசை தளர்த்தும் சில மருந்துகளின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆபரேஷன் அன்று காலை மாத்திரை போட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• மது, கஞ்சா, புகையிலைப் பழக்கம். நோயாளியின் முன் சொல்லத் தயக்கமாக இருந்தால் மருத்துவரைத் தனியாகச் சந்தித்துச் சொல்லலாம்.

• நாட்டு மருந்து, சூரணம், சளி மருந்து உட்பட மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடும் எல்லாம்.

• குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது, முந்தைய ஆபரேஷனில் தெளியத் தாமதமானது.

• பழைய பக்கவாதம், காது கேளாமை, பார்வைக் குறைபாடு. நோயாளி எந்த மொழியில் பேசுவார், எந்தக் கை பழக்கம் என்பதும்கூட.

விழித்த பிறகு வரும் குழப்பம்

கண் விழித்துப் பேசியவர், பத்து நிமிடத்தில் அதே கேள்வியை மறுபடியும் கேட்பார். காலையில் மகளிடம் பேசியதை மாலையில் மறந்திருப்பார். மிடசோலம் போன்ற மருந்துகள், கொடுத்த பிறகு நடப்பதை மனதில் பதியவிடாது. மருந்து விலகினால் இது சரியாகும்.

சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, ஐ.சி.யூ-வில் 'டெலிரியம்' எனும் மனக்குழப்பம் வரும். இரவில் கூடும், பகலில் குறையும். குழாய்களைப் பிடுங்குவார், இல்லாதவர் நிற்பதாகச் சொல்வார். சிலரோ ஒன்றும் பேசாமல் ஒடுங்கிப்போய்விடுவார்கள். இதை அடக்கத் தூக்க ஊசியைக் கூட்டினால் குழப்பம் இன்னும் அதிகமாகலாம். வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு மிடசோலம் வகை மருந்துகளைவிட ப்ரோபோஃபால், டெக்ஸ்மெடிடோமிடின் மேல் என்று 2018-ல் வெளியான சர்வதேச ஐ.சி.யூ வழிகாட்டுதல் பரிந்துரைத்திருக்கிறது.

இந்த இடத்தில் குடும்பத்தால் நிறைய செய்ய முடியும். பார்வையாளர் நேரத்தில் அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுபோய்க் கொடுங்கள். "அப்பா, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. நான் வெளியேதான் இருக்கேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க" என்று ஆளுக்கு ஆள் சோதிக்க வேண்டாம். அழுகையை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு...

மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். "ராத்திரி முழுக்கப் புரண்டுட்டே இருக்கார்" என்று பழைய தூக்க மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், மருந்துக்கடையில் ஏதாவது கேட்டு வாங்குவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால், ஸ்டீராய்டு போடும் நேரத்தை மாற்றுவது போன்ற எளிய வழிகளே போதுமானதாக இருக்கலாம். குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரைகளும் தூக்கத்தைத் தருபவை என்பதை மறக்க வேண்டாம்.

வலிப்பு மாத்திரைகளால் ஓரளவு அசதியும் தூக்கமும் இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். மாறாக, நேற்றைவிட இன்று அதிகம் தூங்குகிறார், எழுப்பினாலும் சரியாகப் பதில் சொல்லவில்லை, தலைவலி கூடுகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, கை கால் புதிதாகத் தளர்கிறது, பேச்சு குழறுகிறது, வலிப்பு வருகிறது, காய்ச்சலோ தையல் போட்ட இடத்தில் நீர்க்கசிவோ இருக்கிறது என்றால், இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். தேவைப்பட்டால் 108-ஐ அழைக்க வேண்டும்.

'மாத்திரை மயக்கம்தான், தூங்கட்டும்' என்று நினைத்து விடும் ஓர் இரவு, திரும்பக் கிடைக்காத நேரமாகிவிடலாம். சந்தேகம் வந்தால் எழுப்புங்கள். பெயரைக் கேளுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஐ.சி.யூ-வில் நர்ஸ் செய்த அதே வேலையை, முதல் சில வாரங்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் செய்தால் போதும்.